குப்பத்துக்கு ஒரு குப்பி

நம் மாவட்டத்து ஆண்கள் உள்ளுக்குள்ளேயே இளைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று ஓர் அலுவலகத்துக்குத் தெரியவந்தது. எப்படித் தெரியவந்தது என்று யாரும் கேட்கவில்லை, அதற்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது. 'ஆண் இயக்குநீர் மேம்பாடு மற்றும் மகப்பேற்று வளம் சார்ந்த சரிவிகித உணவு விழிப்புணர்வு முனைப்பு இயக்கம்' என்று அதற்குப் பெயர். இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற ஆளுக்கு வேறு பரிசோதனை வேண்டியதில்லை.

தோணிரேவைத் தாண்டிப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் குப்பத்துக்கு இயக்கம் ஒரு செவ்வாய்க்கிழமை ஜீப்பில் வந்து இறங்கியது. கூடவே பிரபாகரன் என்ற ஒருங்கிணைப்பாளரும் இறங்கினார். அவருக்கு இது கூடுதல் பொறுப்பு. அசல் பொறுப்பு என்ன என்று கேட்டதற்கு, அது வேறு ஒருவருடைய கூடுதல் பொறுப்பில் இருப்பதாகச் சொன்னார். நாளுக்கொன்றாக ஏழு அட்டைப்பெட்டியும் ஓர் அட்டவணையும் கொண்டுவந்திருந்தார்.

"திங்கள் ஓட்ஸ். செவ்வாய் பூசணி விதை. புதன் அவகாடோ. வியாழன் பாதாம். வெள்ளி..."

"ஞாயித்துக்கெழம இன்னா சார்?" என்று கேட்டார் ஊர்த் தலைவர் சகாதேவன்.

"கடல் உணவு. கிடைத்தால்."

சகாதேவன் திரும்பிப் பார்த்தார். அவருக்கு நாலடி பின்னால் ஐஸ் பெட்டியில் பச்சை நண்டு கால் கட்டிக் கிடந்தது. ஒவ்வொன்றும் முக்கால் கிலோ தேறும்.

"அது எங்களுக்கு எங்க சார் கெடைக்குது. அதெல்லாம் கம்பெனி வண்டியில மெட்ராசுக்குப் போவுது."

"அப்படியானால் அட்டவணை சரியாகத்தான் இருக்கிறது" என்று பிரபாகரன் டிக் அடித்துக்கொண்டார்.

இப்போது ஒரு சிக்கல் வந்தது. பெட்டி ஏழு, குடும்பம் நாற்பத்திரண்டு. வேறு ஊராக இருந்தால் அடிதடி நடந்திருக்கும். எங்களுக்குப் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு, முறை வைத்துப் போவோம். முறை தப்பி ஒருவரும் இறங்கக் கூடாது. பாட்டன் காலத்திலிருந்து ஏரியைக் காப்பாற்றிவரும் இந்தச் சட்டத்துக்கு ஓட்ஸ் மட்டும் விலக்கா? குலுக்கினோம்.

திங்கட்கிழமைப் பெட்டி தேவதாஸுக்கு விழுந்தது. ஆகவே அவர் வீட்டில் ஏழு நாளும் திங்கட்கிழமை ஆனது. செவ்வாய் கிருஷ்ணனுக்கு. விதை என்று கொடுத்தால் விதைப்பதுதானே முறை என்று அவர் வீட்டுக்குப் பின்னால் மணலைக் கிளறிப் போட்டுவிட்டார். புதன்கிழமை ஜீப்பிலேயே கனிந்து போயிருந்தது. அதை ஆடு தின்றது. ஆட்டுக்கு அதன் பிறகு ஏதாவது முன்னேற்றம் உண்டா என்பது பற்றி அறிக்கையில் குறிப்பு இல்லை.

சிவசங்கருக்குச் சீட்டில் ஒன்றும் விழவில்லை. அவனுக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. கலியாணமாகி ஆறு வருஷம், இன்னும் பிள்ளை இல்லை. ஆனால் அவனிடம் ஒரு டப்பா இருந்தது. போனில் விளம்பரம் பார்த்து வாங்கியது. மேலே சிங்கப் படம் போட்டிருந்தது. காலையில் ஒரு கரண்டி, சாயங்காலம் ஒரு கரண்டி பாலில் கலக்கிக் குடித்துவிட்டு, கையை மடக்கிப் பெண்டாட்டிக்குக் காட்டுவான். கை என்னவோ நன்றாகத்தான் பருத்துக்கொண்டு வந்தது.

அவன் பெண்டாட்டி தேவதர்ஷினி அதுவரை ஐந்து முறை ஸ்கேன் எடுத்துவிட்டாள். ஐந்திலும் ஒரு குறையும் இல்லை. "நீயும் ஒரு தபா பாத்துக்கோயேன்" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "எனக்கு இன்னா கொறச்சல்?" என்று அவன் கையை மடக்குவான். அவனுடைய அம்மா மணியம்மாள் தெருவில் போகிற வருகிற பெண்களின் வயதை விசாரிக்க ஆரம்பித்திருந்தாள். யாருக்காக விசாரிக்கிறாள் என்பது தேவதர்ஷினிக்குப் புரியாமல் இல்லை. சோறு இறங்காமல் தவித்தாள்.

ஒரு மாதம் கழித்து பிரபாகரன் மறுபடி வந்தார். உணவு வேலை செய்ததா என்று அறிய, ஆண்கள் உயிரணுப் பரிசோதனைக்கு மாதிரி தரவேண்டும் என்றார். சிறிய பிளாஸ்டிக் குப்பி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அன்று ஏரியில் காற்று மோசம், ஒரு படகும் இறங்கக் கூடாத நாள். ஆனாலும் பாதிப்பேர் கடமை உணர்ச்சியோடு படகை நோக்கி நடந்தார்கள்.

"ஓடாதீங்க. குப்பி ஒண்ணுதான் இருக்கு. ஒதுக்கீடு குப்பத்துக்கு ஒண்ணு."

போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

"ஒருத்தர் குடுத்தா எல்லாருக்கும் ஆச்சா சார்?" என்றார் சகாதேவன்.

"ஒரே ஏரி, ஒரே காற்று, ஒரே அட்டவணை. தாராளமாக ஆச்சு."

இவ்வளவு தெளிவாகப் பேசுகிற அதிகாரியை நாங்கள் பார்த்ததே இல்லை. சீட்டைக் குலுக்கினோம். விஜய் பெயர் விழுந்தது. நாலு பிள்ளைக்குத் தகப்பன். ஊரே கைதட்டியது. பரீட்சைக்கு நன்றாகப் படிக்கிற பையனை அனுப்பிய பள்ளிக்கூடம் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டோம். விஜய் குப்பியோடு மறைவாகப் போனான், வந்தான், மூடித் திருகிக் கொடுத்தான்.

பத்து நாளில் சான்றிதழ் வந்தது. 'மேற்படி குப்பத்தின் ஆண்கள் அனைவரும் நூறு சதவீதம் வளமுடன் உள்ளனர். எனவே குறைபாடு ஏதுமிருப்பின் அது மகளிர் தரப்பினது எனக் கருதப்படுகிறது.' அடியில் கையெழுத்து, வட்ட முத்திரை.

மணியம்மாள் அதை ஜெராக்ஸ் எடுத்து, லேமினேஷன் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

"கவர்மெண்டே சொல்லிடுச்சு. என் பிள்ளைக்கு ஒண்ணும் இல்லியாம். தை மாசத்துக்குள்ள நான் ஒரு முடிவு எடுக்கணும்" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. பேரன் முகம் பார்க்க ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். ஆனால் நல்லவர்கள் ஆசைப்பட்டு எடுக்கிற முடிவில்தான் ஒரு பெண் பெட்டி கட்டவேண்டி வருகிறது.

அடுத்த ஊர்க்கூட்டத்துக்கு தேவதர்ஷினி வந்து நின்றாள். பெண்கள் கூட்டத்துக்கு வருகிற வழக்கம் இல்லை. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றதால், விற்க வந்திருக்கிறாள் என்று நினைத்து யாரும் தடுக்கவில்லை.

"மாமா, பாடு மொறையில ஒரு சந்தேகம்" என்றாள்.

சகாதேவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாடு முறைச் சட்டத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "கேளும்மா."

"ஒருத்தரே தொடர்ந்து அஞ்சு தபா எறங்கலாமா?"

"அதெப்படி? அடுத்தவன் மொறைய முழுங்கறதாச்சே. பெரிய தப்பு."

"தன் மொறைக்கு எறங்காம டபாய்க்கிறவருக்கு?"

"அபராதம். ஊர் முன்னால நிக்கணும்."

"சரி மாமா. நான் ஸ்கேனுக்கு அஞ்சு தபா எறங்கிட்டேன். உங்க சட்டப்படி தப்புதான், ஒத்துக்கறேன். எங்க வூட்டுக்காரர் ஒரு தபாகூட எறங்கல. இனிமே அவர் மொறை. அவருக்காக வேற ஆளு எறங்கறதுக்கும் சட்டத்துல எடம் இருந்தா சொல்லுங்க, நான் போயிடறேன்."

சகாதேவன் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கிருஷ்ணனைப் பார்த்தார். கிருஷ்ணனுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது. ஒருவருக்காக இன்னொருவர் இறங்குவது எங்கள் சட்டத்தில் கிடையவே கிடையாது. பாடு முறையை உடைத்தால் நாளைக்கு ஏரியே உடையும்.

"சிவா போகத்தான் வேணும்" என்று தீர்ப்பானது.

சிவசங்கர் பிரபாகரனுக்குப் போன் போட்டான். தப்பிக்க அவனுக்கு அதுதான் கடைசி வழி. பிரபாகரனும் அவன் பக்கம்தான் பேசினார்: "நீங்க ஏற்கெனவே நூறு சதவீதம். அதுக்கு மேல பரிசோதிக்க விதியில இடமில்ல." அதனால் தேவதர்ஷினி அவனைப் பொன்னேரியில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்துக்குக் கூட்டிப் போனாள். பஸ்ஸில் அவன் கையை மடக்கவில்லை.

"இல்லன்னு வந்துட்டா?" என்றான் மெதுவாக.

"வந்தா மருந்து இருக்கும். தெரியாம இருக்கறதுக்குத்தான் மருந்து இல்ல. நான் உன்ன வுட்டுட்டா போவப்போறேன்?" என்றாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஜன்னல் வழியாக அடித்த காற்றுதான் காரணம் என்று அவளிடம் சொன்னான்.

கூடத்தின் கதவைத் திறந்தால், பெஞ்சில் வரிசையாக ஆண்கள். முகத்தில் மாஸ்க், தலையில் துண்டு. நடுவில் ஒருவர் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். மாஸ்க் போட்டாலும் சகாதேவனின் தொந்தி தெரியாமல் போகுமா? அவர் வீட்டில் வலை வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தார். தேவதாஸும் வலை. கிருஷ்ணனும் வலை. அன்றைக்கு மட்டும் எங்கள் குப்பம் கடலையே மூடுகிற அளவுக்கு வலை வாங்கியிருக்க வேண்டும். முதல் டோக்கன் பிரபாகரனுடையது. ஆறு மணிக்கே வந்துவிட்டாராம்.

தேவதர்ஷினி விஜயைப் பார்த்தாள். "அண்ணா, நீங்களுமா? உங்க குப்பிதானே நூறு சதவீதம் வாங்குச்சு?"

விஜய் மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டான். "வெக்கமா இருந்துச்சும்மா. வெறுங்குப்பியத்தான் மூடிக் குடுத்தேன்."

பிரபாகரன் சுவரில் இருந்த காலண்டரை ஆழ்ந்து கவனித்தார்.

சிவசங்கரின் முடிவைப் பார்த்த டாக்டர் ஃபர்ஹத் பழவேற்காட்டுப் பெண்தான். எண்ணிக்கை குறைவாக இருக்கிறது என்று நேரடியாகச் சொன்னார். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். அவன் பெருமையாகச் சிங்க டப்பாவைப் பையிலிருந்து எடுத்தான்.

"இதுல இன்னா கலந்திருக்குன்னு டப்பாக்காரனே எழுதலியே. வெளியிலேருந்து ஹார்மோன் வந்து கொட்டினா, உடம்பு உள்ள செய்ற வேலைய நிறுத்திடும். மொதல்ல இத நிறுத்து. வாயில அடக்கி வச்சிருக்கிற பொகையிலையையும் துப்பு. நல்லா தூங்கு. பிடிக்கிறதுல கொஞ்சம் மீனு, நண்டு வீட்டுக்கும் எடுத்துனு போ, வாரத்துல ரெண்டு நாளு போதும். இதெல்லாம் செஞ்சா உடனே ஆயிடும்னு நான் சொல்லல. மூணு மாசம் கழிச்சு திரும்பப் பாப்போம். தேவைன்னா மருந்து இருக்கு."

அன்று சாயங்காலமே மணியம்மாள் லேமினேஷனைச் சுவரிலிருந்து கழற்றினாள். யாரையும் திட்டவில்லை. மருமகளுக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டாள்.

மறுநாள் அவசரக் கூட்டம் கூடியது. மேற்படி தேதியில், மேற்படி இடத்தில், எங்கள் குப்பத்து ஆண்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

நானும் போட்டேன். என் டோக்கன் எண் பதினொன்று.