பக்கெட் அக்கா கட்டிவிட்ட பாசி

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்களா என்று ஊரே ஏங்கிக் கிடக்கும் டெல்டாவில், தண்ணீரைப் பரம எதிரியாகப் பார்த்த ஒரே ஜீவன் பக்கெட் அக்காதான். தஞ்சாவூரில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் அவர் என் அறைத்தோழி. சொந்த ஊர் நாகப்பட்டினம். வேலை ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ஞானஸ்நானத்தின்போது ஏதோ நல்ல பெயர்தான் வைத்திருப்பார்கள். விடுதியில் அதை யாரும் கேட்டதில்லை.

காலையில் குளிக்கப் போனால் பக்கெட்டுகள் இருக்கும், ஒன்றுகூடக் காலியாக இருக்காது. ஒன்றில் பருத்தி நூலில் கோத்த பாசிமணி ஊறும். அடுத்ததில் பட்டு நூல். அதற்கடுத்ததில் எலாஸ்டிக். எல்லாவற்றிலும் பிளாஸ்திரி ஒட்டி, சாதா தண்ணீர், சோப்புத் தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று எழுதியிருக்கும்.

"அக்கா, வேலைக்கு நேரமாச்சு. ஒரு பக்கெட்டாவது குடுங்க."

"சோப்புல கெடக்குறது இன்னும் கொஞ்சம் ஊறணும்மா. நீ ஜாடியில புடிச்சு ஊத்திக்க."

ஊறுகாய் ஜாடியில் தண்ணீர் பிடித்து மாதக்கணக்கில் குளித்திருக்கிறேன். நம்பாவிட்டால் போகட்டும். இதற்கெல்லாம் சாட்சி தேடிக் கொண்டுவர எனக்குத் தெம்பில்லை.

ஒருமுறை ஊருக்குப் போனவர் கேன் நிறையக் கடல் தண்ணீரோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அதைச் சமையலறை ஓரம் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். திரும்புவதற்குள் அந்தத் தண்ணீரில் ரசம் கொதித்துவிட்டது. சமையல்காரம்மா ஒரு கல் உப்புகூடப் போடவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அக்காவுக்கு எங்கள் வயிற்றைப் பற்றிக் கவலையே இல்லை. "எல்லாத்தையும் ஊத்திட்டீங்களா? கொஞ்சம்கூட மிச்சமில்லையா?" என்று கேனைக் குலுக்கிப் பார்த்தார்.

ராச்சாப்பாட்டில் அன்றன்றைய தோல்விகளை அறிவிப்பார். பருத்தி நூல் அழுகி நாறியது. பட்டு ஊறித் தளர்ந்தது. எலாஸ்டிக் தொங்கிப்போனது. தூண்டிலுக்குப் போடும் தங்கூஸ் நரம்பு, முடிச்சு விழுந்த இடத்தில் மொடமொடத்து ஒடிந்தது. ஸ்டீல் கம்பி நன்றாகவே இருந்தது, அதன் கொக்கிதான் பச்சை பூத்தது. "பாதி தப்பு நூல் மேல இல்ல. மணியோட ஓட்டை இருக்குல்ல, அந்த விளிம்புதான் அறுக்குது" என்று ஒருநாள் கண்டுபிடித்தார். அதிலிருந்து ஒவ்வொரு மணியின் துளையையும் ஊசியில் உப்புத்தாள் சுற்றி ராவிக்கொண்டே இருந்தார். அந்தக் கீச்சுச் சத்தத்தில் எனக்குப் பல் கூசி, சாப்பிடுவதே வெறுத்துப்போனது.

பொறுக்க முடியாமல் ஒரு காலையில் எல்லா பக்கெட்டையும் கவிழ்த்துவிட்டேன். அக்கா சண்டைக்கு வரவில்லை. தரையில் உட்கார்ந்து பாசியைப் பொறுக்கியபடியே சொன்னார்.

"எங்கப்பா மீன் புடிக்கிறவரு. அம்மாவோட செபமாலையைப் போட்டுக்கிட்டுத்தான் கடலுக்குப் போவாரு. அம்மா போனப்புறம் அதுதான் அவருக்குத் தொணை. நடுக்கடல்ல அறுந்து மணியெல்லாம் போட்டுல செதறிருச்சு. மீனுக்கு நடுவுல தேடித் தேடிப் பொறுக்கினாராம். இன்னொரு தடவ தொலைக்க மாட்டேன்னு இப்ப ஆணியில மாட்டிட்டு வெறுங்கழுத்தோட போறாரு. அவரு கரையேறுற வரைக்கும் எனக்கு வேலை ஓடல."

நானும் குனிந்து பொறுக்கினேன். வேறென்ன செய்வது?

கடைசியில் தேறியது, பல இழை சேர்த்துப் பின்னிய தூண்டில் நூல். அவர்கள் வீட்டுத் தெருவிலேயே விற்கிற சாமான். ஆனாலும் அக்காவுக்குத் திருப்தி வரவில்லை. "மனுஷ ஒடம்புல வேர்வை, எண்ணெய் எல்லாம் இருக்கு. பக்கெட்டுக்கு அது தெரியாது. கைய நீட்டு."

கிளிப்பச்சையும் ஆரஞ்சும் கலந்த பிளாஸ்டிக் பாசி. கொக்கி கிடையாது. முடிச்சுப் போட்டுப் பசை வைத்துவிட்டார்.

"எப்படிக்கா கழட்டுறது?"

"ஏன் கழட்டணும்?"

நான் வேலை பார்த்தது நகைக்கடையில். தங்க வளையலை எடுத்துக் காட்டும் கையில் திருவிழாப் பாசி. "கஸ்டமர் பாக்குறாங்கம்மா" என்று மேனேஜர் தினமும் முனகுவார். அக்கா என் மணிக்கட்டை மட்டும் பார்த்தார். மாதங்கள் ஓடியும் அது அசையவில்லை என்ற பிறகுதான் அதே நூலில் செபமாலையைக் கோத்து அப்பா கழுத்தில் போட்டுவிட்டு வந்தார்.

விட்டது தொல்லை என்று கத்திரிக்கோலை எடுத்தேன். பாய்ந்து பிடுங்கிக்கொண்டார். "லூசு! அப்பாவோடத விட உன்னோடதுதான் முன்னாடி கட்டுனது. அறுந்தா மொதல்ல உன்னோடதுதான் அறுந்துபோகும். அப்ப எனக்குச் சொல்லணும்ல?"

என் கல்யாணத்தன்று அலங்காரம் செய்ய வந்த பெண் அதை வெட்டப் போனாள். "வெட்டாதீங்க, ஒரு மனுஷன் உசுரு சம்பந்தப்பட்டது" என்று கத்திவிட்டேன். யாரோ பழைய காதலன் கட்டிவிட்டது என்று மாப்பிள்ளை வீட்டில் குசுகுசுத்தார்கள். விளக்கிச் சொன்னேன். காதலனே பரவாயில்லை என்பதுபோல் பார்த்தார்கள்.

இப்போது மன்னார்குடியில் இருக்கிறேன். பட்டுப்புடவைக்கும் அதே பாசிதான். தன் அப்பா கடலுக்குக் கிளம்பினால் அக்காவிடமிருந்து போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"இருக்கா?"

"இருக்குக்கா."

"முடிச்சு?"

"அதுவும் இருக்குக்கா."

வைத்துவிடுவார். அந்தப் பெரியவரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் குளித்து முடித்ததும், துண்டை எடுப்பதற்கு முன்னால், என் விரல் தானாக அந்த முடிச்சைத் தடவிப் பார்க்கிறது. அக்காவிடமிருந்து மறுபடி போன் வந்து, அவர் கரையேறிவிட்டார் என்று கேட்கும் வரை எனக்கும் வேலை ஓடுவதில்லை.