கார்புரேட்டருக்கு ஓர் அபிப்பிராயம்

சண்டை போட்டு ஜெயிக்க முடியாத இடத்தில் அபிப்பிராயம் கேட்டு ஜெயிப்பது என்று தனபால் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார்.

ஆபீசில் கற்ற வித்தை அது. மேலதிகாரி ஒன்றுக்குச் சம்மதிக்க மாட்டார் என்று தெரிந்தால், "சார், இதுல நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று பணிவாகக் கேட்க வேண்டும். நாலு தடவை கேட்டால் அது அவருடைய யோசனையாகவே ஆகிவிடும். கையெழுத்தையும் போட்டுவிட்டு, "இத்தனை நாளா என்னய்யா பண்ணிட்டிருந்தே?" என்று நம்மையே திட்டுவார். ஆபீசில் பலித்தது வீட்டில் பலிக்காதா?

தனபால் ராசிபுரத்துக்காரர். சோளக்காட்டில் தோட்டக்கலை ஆபீசில் உதவியாளர். கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாரும் பதவியில் மேலே போனார்கள். இவர் மட்டும் மலைக்கு மேலே வந்தார். வந்த இடத்தில் முடி போனது, சர்க்கரை வந்தது, மாற்றல் மட்டும் வரவில்லை. மழைக்காலத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, வாடகை தராத சொந்தக்காரன் மாதிரி கட்டிலில் உட்கார்ந்துகொள்ளும். அப்போதெல்லாம் தன் வாழ்க்கையில் எதிலுமே முதலாவதாக வந்ததில்லை என்ற நினைப்பு அவரைப் பிடித்து ஆட்டும்.

அந்த நினைப்பில்தான் அவர் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார். எழுபதுகளில் பந்தயம் ஓடிய வண்டி. இரண்டு சிலிண்டர். ஹெட்லைட் கிடையாது, ஹாரன் கிடையாது, பின் சீட்டும் கிடையாது. பின் சீட்டு இல்லாத வண்டியைப் பார்த்த அன்றைக்கே அவர் மனைவி பானுமதி புரிய வேண்டியதைப் புரிந்துகொண்டாள். முன்னறையில் நின்ற அந்த வண்டியின் ஹேண்டில்பாரில் ஈரத்துணி காயப்போட்டாள். அவ்வளவுதான்.

வண்டியில் இன்னொன்றும் இல்லை. கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் பதமாகக் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான். சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு வேண்டும். அவை இருக்க வேண்டிய இடத்தில் குளவி கூடு கட்டியிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் அறிவிப்பு வந்தது. பழைய ரேஸ் வண்டிகளுக்கு மட்டும் மலையேற்றப் போட்டி, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரைக்கும். தீபாவளிக்குள் எஞ்சினை ஓட்டிக் காட்டி வீடியோ அனுப்பிப் பேர் கொடுக்க வேண்டும். தனபாலுக்கு நிலுவைச் சம்பளம் கொஞ்சம் வந்திருந்தது. அதற்குள் ஒரு ஜோடி கார்புரேட்டரை அடக்கிவிட வேண்டும். அதற்கு முன்னால் பானுமதியை அடக்க வேண்டும்.

பானுமதி அரசு சுகாதார நிலையத்தில் நர்ஸ். அன்று வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்குள் தனபாலே டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினார்.

"என்னங்க, ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கறேன். பானு, உன்கிட்ட ஒரு அபிப்பிராயம் கேக்கணும்."

டீ டம்ளர் அந்தரத்தில் நின்றது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் கேட்டிராத வார்த்தை.

"ரேஸ் கார்புரேட்டர்னு புதுசா ஒண்ணு வருது. வாய் நல்லாப் பெருசு. முறுக்குனா காத்தும் பெட்ரோலும் அப்படியே அள்ளிக்கிட்டுப் போகும். நீ என்ன நினைக்கற?"

"வாய் பெருசுங்களா?"

"ரொம்பப் பெருசு."

"இந்த ஊட்ல ஒரு பெரிய வாயே போதும்னு நீங்கதானுங்களே அடிக்கடி சொல்லுவீங்க?"

"அய்யோ, அது விளையாட்டுக்குச் சொன்னது."

"சரிங்க, பெருசாவே இருக்கட்டும். ஒரு சந்தேகம். மேல வந்தா காத்து கம்மின்னு அன்னிக்குச் சொன்னீங்களே?"

"ஆமா. கீழ ஒழுங்கா ஓடற வண்டி மலைக்கு வந்தா காத்துப் பத்தாம பெட்ரோல் ஜாஸ்தியாயிரும். அதைத்தான் வண்டி ரிச்சா ஓடுதுன்னு சொல்றது."

"நாமளும் மலைக்கு வந்து இத்தன வருசமாச்சு. ரிச்சாகலியே."

தனபால் சிரித்தார். சிரித்தபடியே அடுத்த கேள்வியில் போய் மாட்டினார்.

"இல்லீங்க, காத்தே கம்மிங்கற எடத்துல அவ்வளவு பெரிய வாயத் தொறந்து வெச்சு எதை முழுங்கறது?"

நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அதற்கென்று சின்ன ஜெட் போடலாம் என்று ஆரம்பித்தார். "ஜெட்டுங்களா? நாம வாங்கறது பைக்குக்குங்களா, பிளேனுக்குங்களா?" என்றாள். ஜெட் என்றால் பெட்ரோல் வருகிற ஊசித்துளை என்று விளக்கினார். எந்த அளவு துளை இந்த மலைக்குச் சரிவரும் என்று அவள் கேட்டாள். அது அவருக்கும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளவே பத்து நாள் இணையத்தில் மேய்ந்தார். பெரிய வாய் கைவிடப்பட்டது.

ஆனால் தனபாலுக்கு அதில் வருத்தமில்லை. வித்தை வேலை செய்கிறதே! அவளே "இன்னிக்கு அந்தக் கார்புரேட்டரு என்னாச்சுங்க?" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள். இரண்டு பேரும் சாயங்காலத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, வெளியே மழை அடிக்க அடிக்க, மரவள்ளிக்கிழங்கை உரித்துத் தின்றபடி பேசினார்கள். இப்படிப் பேசி எத்தனை வருஷமாயிற்று என்று நினைத்தபடி அவளுக்கு இன்னொரு கிழங்கை உரித்துக் கொடுத்தார்.

அடுத்தது அசல் ஜோடி. அந்த வண்டிக்கென்றே செய்து, அந்தக் காலத்திலேயே ஓடிய கார்புரேட்டர்கள். சேலத்தில் ஒருவர் விலைக்கு வைத்திருந்தார். நிலுவைச் சம்பளத்தை வழித்துத் துடைத்தால் வாங்கிவிடலாம்.

"அசல்னா அசல்தாங்க," என்றாள் பானுமதி. தனபால் உச்சி குளிர்ந்துபோனார். "என்ன, நம்ம வயசுதான் அதுக்கும் இருக்கும். உள்ள தேஞ்சிருக்குங்களா?"

"கொஞ்சம் தேஞ்சிருக்கும். ரெண்டும் ஒரே மாதிரி தேஞ்சிருந்தா பரவாயில்ல."

"இல்லேன்னா?"

"ஒண்ணு ஒரு பக்கம் இழுக்கும், இன்னொண்ணு இன்னொரு பக்கம் இழுக்கும். வண்டி நடுங்கும்."

"ஏனுங்க, ஊட்லயே அப்படித்தான் ஓடுது. வளைவுலயும் அப்படி ஓடணுமுங்களா? எதுக்கும் ஒரு தடவ நேர்ல போயிப் பார்த்துட்டு வாங்க."

போனார். சேலத்துக்காரர் ஊரில் இல்லை. மறுபடி போனார். இருந்தார், சாவி இல்லை. மூன்றாவது தடவை போகும்போது மண் சரிந்து பஸ் பாதியில் நின்றது. திரும்பி நடந்து வந்து காய்ச்சலில் படுத்தார். கஷாயம் வைத்துக் கொடுத்த பானுமதி, "மனசு தளராதீங்க, இன்னும் ஒரு வகை இருக்குன்னீங்களே?" என்று தைரியம் சொன்னாள்.

அந்த ஒரு வகை நகல் ஜோடி. அசலைப் பார்த்துச் செய்தது. புதுசு, விலை சல்லிசு. படுத்த படுக்கையிலேயே செல்போனில் ஆர்டர் போட விரல் வைத்துவிட்டார்.

"பிடிச்சிருந்தா வாங்கிக்கோங்க," என்று பானுமதி ஒரே பேச்சில் சொன்னாள். அப்புறம் போர்வையை இழுத்துவிட்டபடி, "நகலாச்சே, நடுவளைவுல நின்னுபோச்சுன்னா பின்னாடி லாரிக்காரன் பார்த்து நிறுத்துவானுங்க. என்ன, பனி மட்டும் இருக்கக் கூடாது," என்றாள்.

தனபால் விரலை எடுத்துவிட்டார்.

குழப்பம் தலைக்கேறியதும் பக்கத்துத் தோட்டத்து ராசப்பனிடம் போய் நின்றார். ராசப்பன் இதே மலையில் ஆலத்தூர் நாட்டுக்காரர், மிளகு போடுகிறவர். மூன்று வகையையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஏனுங்க சார், என்னையக் கேட்டா நாலாவதா ஒண்ணு இருக்குதுங்க."

"என்னது?" தனபால் ஆவலாகப் பக்கத்தில் போனார்.

"அந்தத் தகரத்த வித்துப்போட்டு ஒரு கெடேரி வாங்குங்க. பாலாவது குடிக்கலாமுங்க."

பேர் கொடுக்கும் நாள் மழையோடு மழையாகப் போயேபோய்விட்டது. அன்றைக்கு தனபால் பெரிய வாய்க்கே திரும்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

போட்டியன்று தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ராசப்பனோடு சோளக்காடு சந்தைப் பக்கம் போய் நின்றார். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, வெறும் வெள்ளை. வெகுநேரம் கழித்துக் கீழேயிருந்து ஒரு சத்தம் வளைந்து வளைந்து ஏறி வந்தது. முதலில் வந்து நின்றவருக்குத் தனபாலைவிட வயது அதிகம், தொப்பையும் அதிகம். தலையில் முடி ஒன்றுதான் இரண்டு பேருக்கும் சமம்.

"எந்தக் கார்புரேட்டருங்க போட்டிருக்கீங்க?" என்று தனபால் கேட்டார்.

"அதுங்களா? எது கெடச்சுதோ அதுங்க," என்றார் அந்த ஆள், மூக்கைச் சிந்திக்கொண்டே.

அப்புறம் இன்னும் சில வண்டிகள் வந்தன. கடைசியில் வந்தது ஒரு ஜீப். போட்டியில் ஓட்டி வந்த ஒருவரை அவர் வண்டி வளைவில் தூக்கிப் போட்டுவிட்டதாம். தோள் எலும்பு முறிந்து கை தொங்க, முகமெல்லாம் ரத்தமாகச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

தனபால் வீட்டுக்கு வந்து இருட்டில் உட்கார்ந்திருந்தார். பானுமதி டெட்டால் வாசனையோடு வந்தாள். கையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். மழை நாளில் வளைவுகளில் விழுந்து வருகிறவர்களுக்கெல்லாம் தையல் போடுகிற கை அது என்பது தனபாலுக்கு அப்போதுதான் உறைத்தது. கூடவே மற்றதும் உறைத்தது.

"பானு, நீ வேணும்னேதானே பண்ணுன?"

"என்னத்தைங்க?"

"என்னைய வாங்க விடாம."

"நான் எதையாச்சும் வேண்டாம்னு சொன்னனுங்களா? பொண்ணு பார்க்கையிலயே எங்க ஊட்டுக்கு ஏழு தடவ வந்து போன ஆளு நீங்க. ரெண்டு சந்தேகத்தக் கெளப்பி விட்டாப் போதும்னு எனக்குத் தெரியாதுங்களா?"

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அடிபட்டு வந்த ஆளு பொண்டாட்டி வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருந்துச்சுங்க. அது மூஞ்சியப் பார்க்க முடியல," என்றாள்.

தனபாலுக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டிய இடத்தில் என்னவோ கனமாக வந்து உட்கார்ந்தது. வண்டியைப் பார்த்தபடி கேட்டார்.

"சரி, போனது போகட்டும். மூணையும் அலசிப் பிரிச்சு மேஞ்சியே, இப்ப நெசத்தைச் சொல்லு. மூணுல எது நல்லதுன்னு நீ நினைக்கற?"

பானுமதி அந்த வண்டியை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள்.

"சொல்றனுங்க. மொதல்ல நீங்க இதச் சொல்லுங்க. கார்புரேட்டருங்கறது முன் சக்கரத்துல இருக்குமுங்களா, பின் சக்கரத்துலயா?"