கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் பார்த்த அண்ணாச்சி

சிவகாசியில் காய்ச்சல் அண்ணாச்சி புறங்கையால் தொட்டுப் பார்க்காத பொருள் என்று ஒன்று கிடையாது. ஓய்ந்து நிற்கும் லாரியின் என்ஜின், டியூப்லைட் சோக்கு, கடையில் அடுக்கியிருக்கும் தர்பூசணி, எதையும் விடமாட்டார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "லேசாக் கணகணங்குது, கசாயம் வச்சுக் குடுங்க" என்றார். தாலி கட்டப் பத்து நிமிடம்தான் இருந்தது. பெண் வீட்டார் முகம் போன போக்கை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எங்கள் அச்சகத்தில் பேப்பர் கட்டிங் மெஷின் ஓட்டினார். அதற்கு முன்னால் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு வேலை. புறங்கைப் பழக்கம் அங்கே வந்ததுதான். "வெடிமருந்து சூடேறுனா சொல்லிட்டா வெடிக்கும்? நாமதான் தொட்டு விசாரிச்சுக்கிடணும்" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கமாட்டார்.

நான் அதே அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் டிசைன் செய்கிறவள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பெட்டி ஒட்ட வந்தேன். கம்ப்யூட்டர் அறையைக் கூட்டிப் பெருக்கும்போது எட்டிப் பார்த்துப் பார்த்தே தொழிலைப் படித்துக்கொண்டேன். ஆகவே அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாள் முதல், யாராவது வந்து "எந்திரி" என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு உண்டு.

ஒரு கத்திரி வெயிலில் கம்ப்யூட்டரே அதைச் சொன்னது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் பெரிய டிசைன் எதைத் திறந்தாலும் சூடு தாங்காமல் பொசுக்கென்று அணைந்துவிடும். லேபிள் சீசன் உச்சத்தில் இருந்த நேரம். ஏ.சி. கேட்டால் முதலாளி வருடா வருடம் சொல்கிற பதில், "சீசன் முடியட்டும்மா." அன்றைக்குக் கூடுதலாக ஒன்று சொன்னார்.

"இன்னொரு லோடு இதனால நின்னுச்சுன்னா டிசைன் பூராத்தையும் வெளிய குடுத்துருவேன். நீ பழையபடி ஒட்டுற செக்சனுக்குப் போயிரும்மா."

அண்ணாச்சி வந்து கேபினெட்டைப் புறங்கையால் தொட்டார். "யாத்தே" என்று கையை உதறினார்.

"தாயி, மனுசனுக்குக் காய்ச்சல் எப்படி எறங்குது? வேர்த்தா எறங்குது. இந்தக் கழுதைக்கு வேர்க்கத் தெரியல. நாம வேர்க்க வைப்போம்."

எவனோ ஒரு வெள்ளைக்காரன் செய்து காட்டியதை செல்போனில் பார்த்திருக்கிறார். மறுநாளே சாமான்கள் வந்து இறங்கின. ஐந்தடி உயரத்துக்கு ஒரு பெரிய பி.வி.சி. குழாய், மீன் தொட்டி மோட்டார், குளியலறை ஷவர், பழைய கம்ப்யூட்டர் ஃபேன், தீயணைக்க மாட்டிவைக்கிற சிவப்பு வாளி ஒன்று. பாத்திரக் கடையில் செம்புக் கட்டி வாங்கி, லேத்துப் பட்டறையில் அதற்குள் வாய்க்கால் வெட்டச் சொன்னார். பட்டறைக்காரர், "எந்த வண்டிக்கு அண்ணாச்சி?" என்று கேட்டிருக்கிறார். "வண்டிக்கு இல்லப்பா, மூளைக்கு."

விஷயம் இதுதான். வாளித் தண்ணீரை மோட்டார் ஏற்றும். அது கம்ப்யூட்டர் மூளைமேல் உட்காரும் செம்புக் கட்டிக்குள் நுழைந்து மூளையின் சூட்டை வாங்கிக்கொண்டு, குழாயின் உச்சிக்குப் போய் ஷவர் வழியாக மழையாக விழும். கீழிருந்து ஃபேன் காற்றை மேலே ஊதும். விழுகிற தண்ணீரில் கொஞ்சத்தைக் காற்று குடித்துவிடும். மிச்சம் குளிர்ந்து வாளிக்கு வரும். "நம்மூர்க் காத்துக்கு அம்புட்டுத் தாகம் தாயி. சும்மா விட்டா என் எச்சியவே குடிச்சிரும்."

கரண்டுக்குப் பக்கத்தில் தண்ணீர்! எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரோ கம்ப்யூட்டரில் மாட்டாமல் மூன்று நாள் தனியாக ஓடவிட்டு, அடியில் செய்தித்தாள் விரித்து, மணிக்கொரு தரம் முட்டி போட்டுத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. ஆனாலும் மாட்டுகிற நாளன்று நான் ரப்பர் செருப்பைக் கழற்றவில்லை. சமையல் கேஸ் புத்தகம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

திரையில் தொண்ணூற்றெட்டு டிகிரி காட்டிய கம்ப்யூட்டர், அறுபதில் நின்றது. நான் கும்பிட்டேன். அண்ணாச்சி கும்பிட்டது வாளியை.

போர்வெல் தண்ணீர் ஊற்றியதில் இரண்டே நாளில் ஷவர் உப்புப் பூத்து வெளுத்துவிட்டது. அதன் பிறகு முதலாளி அறையின் தண்ணி கேன் தினமும் மூன்று நான்கு லிட்டர் குறைய ஆரம்பித்தது.

"யாருய்யா என் தண்ணியக் குடிக்கிறது?"

"கம்ப்யூட்டருக்குத்தான் மொதலாளி. அதுக்கு உப்புத் தண்ணி ஒத்துக்கிடல."

முதலாளி அதையும் பொறுத்துக்கொண்டார். நான்காம் நாள் நடந்ததை அவரால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் மெஷினில் ஒரு தாள் இரண்டு முறை ஓட வேண்டும். முதலில் இரண்டு கலர், காய்ந்ததும் மிச்சம் இரண்டு. சீசனில் இடமில்லாமல், ஒரு முறை ஓடிய தாள்களை என் அறையில் அடுக்கியிருந்தார்கள். அன்று அவற்றை மெஷினில் ஏற்றியதும் மெஷின்மேன் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"ராக்கெட் இங்கன நிக்கி, நெருப்பு அங்கன எரியுது! பேப்பர் வளந்துருச்சு அண்ணாச்சி!"

குழாய் விட்ட ஈரக்காற்றையெல்லாம் தாள் உறிஞ்சிப் பெருத்திருந்தது. அண்ணாச்சி அடுக்கைப் புறங்கையால் தொட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"முப்பது வருசமாப் பேப்பர் வெட்டுறேன். மழ வந்தா சன்னலச் சாத்துங்கடான்னு கத்துறவன் நான். நானே உள்ளுக்குள்ள மழையப் பெய்ய விட்டுட்டேனே."

முதலாளி என்னைப் பார்த்துத்தான் பேசினார். "திங்கக்கெழமையில இருந்து டிசைன் வெளிய போகுதும்மா."

அண்ணாச்சி எழுந்தார். "மொதலாளி, தப்பு என்னோடது. பிள்ளைய எறக்காதீக. ஞாயித்துக்கெழம ஒரு நாள் குடுங்க."

"திங்கக்கெழமை ரெண்டு மணிக்கு வருவேன். அணைஞ்சுச்சுன்னா அம்புட்டுத்தான்."

ஞாயிறன்று அண்ணாச்சி உளியும் சுத்தியலுமாக மேற்குச் சுவரில் ஓட்டை போட்டார். நான் சிமெண்டு குழைத்துக் கொடுத்தேன். குழாயும் வாளியும் வெளியே போயின. தண்ணீர் வந்து போக இரண்டு மெல்லிய ரப்பர் டியூப் மட்டும் சுவர் வழியாக உள்ளே வந்தது. "இனிமே மழ வெளிய. தாள் உள்ள. சண்டையே கெடையாது."

திங்கட்கிழமை இரண்டு மணி. இருபத்தைந்து வகைப் பட்டாசும் ஒரே மூடியில் வெடிக்கிற கிஃப்ட் பாக்ஸ் டிசைனை அச்சுக்கு முழுப் படமாக மாற்ற ஓடவிட்டேன். வெளியே தார் ரோடு கொதித்தது. முதலாளி உள்ளே வந்ததும் முதலில் பார்த்தது ஓட்டையைத்தான்.

"எவன்டா என் செவத்த ஒடச்சது?"

திரையில் ஐம்பத்திரண்டு. ஐம்பத்து நான்கு. மறுபடியும் ஐம்பத்து மூன்று. என் இதயம்தான் நூறைத் தாண்டியது. அரை மணி நேரம் ஓடி, கடைசிப் பொறி வரைக்கும் வந்து டிசைன் முடிந்தது. கம்ப்யூட்டர் அணையவில்லை.

முதலாளி குனிந்து கேபினெட்டைத் தொட்டார். புறங்கையால்! அவருக்கே தெரியாமல் அது நடந்தது. "என்னம்மா, சூடே இல்ல?"

அப்போதுதான் அண்ணாச்சியைக் காணவில்லை என்பது உறைத்தது. சன்னலைத் திறந்தோம். கொளுத்துகிற வெயிலில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். கையில் குடை. குடை குழாய்க்கு மேலே இருந்தது, அண்ணாச்சி வெயிலில் இருந்தார்.

"யோவ், கிறுக்கா புடிச்சிருக்கு உமக்கு?" என்றார் முதலாளி.

"தண்ணிக்கு வெயில் படக்கூடாது மொதலாளி. காத்து மட்டும்தான் படணும். பிள்ள எந்திரிச்சிருச்சா, ஒக்காந்திருக்கா?"

"ஒக்காந்திருக்குய்யா. ஒக்காந்துதான் இருக்கும். நீரு உள்ள வாரும்."

அந்தத் தீபாவளிக்கு விருதுநகர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் என் கிஃப்ட் பாக்ஸ் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. ராக்கெட்டின் நெருப்பு ராக்கெட்டிலேயே எரிந்தது. வாங்க வந்தவர்கள் மூடியைத்தான் முதலில் பார்த்தார்கள். கால் மணி நேரம் நின்றுவிட்டு, கடைக்காரர் சந்தேகமாகப் பார்த்த பிறகுதான் நகர்ந்தேன்.

ஏ.சி. அடுத்த வருடமே வந்துவிட்டது. ஆனால் கம்ப்யூட்டர் இன்றைக்கும் அண்ணாச்சியின் குழாயில்தான் வேர்க்கிறது. எட்டாவது படித்த நான் அதே நாற்காலியில் இருக்கிறேன். எனக்குக் கீழே டிப்ளமோ படித்த இருவர் இருக்கிறார்கள். காலையில் வந்ததும் வாளியில் நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் நான் குடிப்பேன்.

அண்ணாச்சி வேலையை விட்டு விருதுநகரில் மகள் வீட்டோடு போய்விட்டார். வாரத்துக்கொரு தடவை போன் வரும். "காய்ச்சல் எம்புட்டு தாயி?" திரையைப் பார்த்துச் சொல்வேன். "ஐம்பத்தொண்ணு அண்ணாச்சி." ஒரு திருப்தியான 'உம்' கேட்கும். பிறகு, "ஒனக்கு?"

உடம்பு அனலாகக் கொதித்த நாட்களில்கூட இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், அந்த வயசிலும் அடுத்த பஸ்ஸில் வாளியோடு வந்து இறங்கிவிடுவார்.