முழு ஒருங்கிணைப்பும் வாலாம்பாள் மாமியும்

மனித குலம் இதுவரை சாதித்தவை இரண்டு. ஒன்று நெருப்பு. மற்றது, செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி கண்ட ‘முழு ஒருங்கிணைப்பு’. இடையில் வந்த சக்கரம், அச்சு எந்திரம் எல்லாம் சில்லறைச் சமாச்சாரங்கள்.

கம்பெனியை இரண்டு மென்பொருள்கள் ஆண்டுவந்தன. யார் வந்தார்கள் என்று பார்ப்பது ‘ஹாஜிரி’. யாருக்கு லீவு என்று சொல்வது ‘ஆராம்’. இரண்டையும் வெவ்வேறு ஊர் மேதைகள் செய்திருந்ததால், கல்யாணத்தில் சண்டை போட்ட சம்பந்திகளைப் போல ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. ஆராம் லீவு கொடுத்தால் ஹாஜிரி காதில் போட்டுக்கொள்ளாது.

ஆனாலும் தலைமை ஆபீஸ் திறந்து பார்க்கும்போது இரண்டும் இம்மி பிசகாமல் ஒத்துப்போயின. காரணம், மாட்டுங்காவிலிருந்து வரும் வாலாம்பாள் மாமி. தினமும் காலையில் ஆராம் பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டு, ஸ்டீல் ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்தி, உரக்கப் படித்து ஹாஜிரியில் ஏற்றுவாள். ஒவ்வொரு பெயர் முடிந்ததும் “ஆச்சு” என்பாள். இப்படி ஆறு வருஷம். இந்த உயர் தொழில்நுட்பத்துக்காக மேனேஜர் கௌசிக்குக்குப் பரிசு கிடைத்தது. சான்றிதழ் வாசற்கதவுக்கு வெளியே, பக்கத்துச் சுவரில் தொங்கியது. பொடி எழுத்து. மாமிக்கு வலது கண்ணில் புரை, அதனால் அதைப் படித்ததே இல்லை.

அந்தக் கண்ணுக்கு ஆபரேஷன் வந்தது. ஆராம் பத்து நாள் லீவு தந்து, ‘இனிதே ஓய்வெடுங்கள்’ என்று ஒரு பூவும் காட்டியது. நாளைய லீவை ஹாஜிரி இன்றைக்கு ஏற்காது, அந்தந்த நாள்தான் ஏற்ற வேண்டும் என்று மாமி கௌசிக்கிடம் படித்துப் படித்துச் சொன்னாள். அவள் அரை டிராயரோடு பார்த்த பையன்தான் கௌசிக். ஆனாலும் ஆபீசில் அவர் சார்.

“ஹோ ஜாயேகா மாமி, ஆயிடும், டென்ஷன் எடுத்துக்காதீங்கோ” என்றார் சார்.

ஆகவில்லை. பரிசு வாங்கிய மேனேஜர் ஸ்கேல் பிடிப்பாரா? ஒன்றிரண்டு நாள் லீவு எடுத்த மற்றவர்கள் தப்பித்தார்கள். சொல்லாமல் நின்றவள் என்று மாமியை ஹாஜிரி மூன்றாம் நாள் எச்சரித்தது. ஏழாம் நாள் விளக்கம் கேட்டது. பத்தாம் நாள், மனிதர் யாரையும் தொந்தரவு செய்யாமல், வேலையை விட்டே நீக்கியது. அரசாங்கத்தில் இந்தச் சுறுசுறுப்பு உண்டா?

பதினோராம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு வந்த மாமியின் கார்டுக்குக் கதவு திறக்கவில்லை. அந்த வேலையில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது. கௌசிக் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னார்.

“தலைமை ஆபீசுக்கு ஒரு வரி எழுதுங்கோ சார். லீவை ஏத்தறவளுக்கே லீவு, அதான் ஏறலைன்னு.”

கௌசிக் குரலைத் தாழ்த்தினார். எழுதலாம்தான்; ஆனால் ஏற்றுவது ஓர் ஆள் என்று தெரிந்துவிட்டால் பரிசு என்ன ஆவது? அதற்குப் பதிலாக, சொல்லாமல் நின்றதற்கு மாமி ஒரு மன்னிப்புக் கடிதம் தந்தால், புதிய பயிற்சியாளராகச் சேர்ப்பது பற்றிப் ‘பரிசீலிக்கலாம்’.

“சிஸ்டம் சொல்றச்சே நான் என்ன பண்ண முடியும் மாமி?”

மாமி கண்ணாடியைக் கழற்றினாள். எதிரே சான்றிதழ் பளிச்சென்று தெரிந்தது. பழக்க தோஷம், வரிக்குக் கீழே விரலை வைத்து உரக்கப் படித்தாள்.

“‘மனிதக் கை படாத முழு ஒருங்கிணைப்பு.’ ஆச்சு.”

பிறகு திரும்பி சாரைப் பார்த்தாள்.

“அப்போ ஆறு வருஷமா நான் காலாலயாடா டைப் அடிச்சேன், கௌசிக்?”