ஜெர்மனிக்கு ஒரு கைப்பிடிச் சாம்பிள்

ஏலமலை உச்சியில் குளிரையும் அட்டைப்பூச்சியையும் அடக்கி ஆளும் ராமர் மாமா சமூகத்துக்கு,

போடியிலிருந்து மருமகள் அமுதவள்ளி விழுந்து கும்பிட்டு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் எஸ்டேட்டில் டவர் கிடையாது என்பதால், ஜீப்பில் லோடு ஏற்றிவரும் உங்கள் மகன் சின்ராசு மச்சான் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடைசி வரி வரை படித்துவிட்டு, அவரை அடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

ஜெர்மனியில் தாவரவியல் படிக்க வேண்டும் என்ற என் ஆசை ஊருக்கே தெரியும், அப்பாவுக்கு மட்டும் காது கேட்காது. முப்பது வருஷமாக ஏலக்காய் தரம் பிரிக்கிறவர் அல்லவா, "சாம்பிள் பாக்காம எந்த லாட்டையும் எடுக்க மாட்டேன். ஒவ்வொரு நாட்டுலயும் படிச்ச ஆளக் கொண்டா" என்றுவிட்டார். சரியென்று லண்டனில் ஒரே வருஷத்தில் மேல்படிப்பு முடித்த ராசிங்காபுரம் மகாராஜன் அண்ணனைக் கூட்டி வந்தேன். "நம்ம ஊர்ல ரெண்டு வருசம் படிக்கிறத ஒரே வருசத்துலயா? வெரசா காயவச்சா காய் வெடிச்சிரும் தம்பி" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார். அமெரிக்காவில் இருக்கும் தேவி அக்கா போனில் வந்து, அங்கே சேர்ந்த பிறகு மெதுவாகப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்றது. "சலிக்காத சரக்கு" என்றார் அப்பா. நம் நாட்டுப் புதிய கல்விக் கொள்கையில் ஒரு வருஷத்தில் வெளியே வந்தால் சான்றிதழ், ரெண்டில் டிப்ளமோ, மூன்றில் பட்டம் என்று வாசித்தேன், "ஒரே செடியில சுத்துச் சுத்தா வந்து காயெடுக்குற மாதிரியே இருக்கே!" என்று அதற்கு மட்டும் முகம் மலர்ந்தார். இங்கேயே படி என்றுவிடுவாரோ என்று வாசிப்பதைச் சட்டென்று நிறுத்தினேன். ஜெர்மனிக்குச் சாம்பிள் தேடி எங்கே போவது? அதனால்தான் மாமா, மச்சானுக்குக் கோட்டு மாட்டி, மப்ளர் சுற்றி, கறுப்புக் கண்ணாடி போட்டு, ஜெர்மனியிலிருந்து வந்தவர் என்று உட்காரவைத்தேன்.

"தம்பி, உங்க நாட்டுப் படிப்புல என்ன சீர்திருத்தம்?" என்றார் அப்பா.

நான் உருப்போட வைத்ததை மச்சான் ஒப்பித்தார்: "ஐரோப்பாவுல பல நாடு சேந்து படிப்புக்கு ஒரே அளவு சல்லடை வச்சிருக்கோமுங்க. இங்க படிச்சது அங்கயும் செல்லும். அரசாங்கப் பல்கலைக்கழகத்துல அநேகமா பீசே கிடையாதுங்க."

அப்பா எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து முகர்ந்தார். "ஜெர்மனி முழுக்க டீசல் வாசமோ?" என்றவர், "ஜீப்ப வழிய மறிச்சு நிப்பாட்டியிருக்க, எடுத்துப் போடு மாப்ளே" என்றார். நான் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தேன். ஆனால் அப்பா சிரிக்கிறார், மாமா! "சாம்பிள்தான் போலி, சொன்ன சேதி அசல். போய்ட்டு வா ஆத்தா."

ஆகவே ஆடி கழிந்ததும் புறப்படுகிறேன். அம்மா இப்போதே நாலு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் போட்டுவிட்டாள். நீங்கள் ஜீப்போடு வந்து வழியனுப்ப வேண்டும், அத்தையின் சிவப்பு ஸ்வெட்டரும் வேண்டும். உங்கள் தோட்டத்தில் காய் கொத்துக் கொத்தாய்ப் பிடிக்கட்டும், அட்டை உங்களை விட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்காரரைப் பிடிக்கட்டும்.

இப்படிக்கு,
ஜெர்மனி அமுதவள்ளி

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் சேர்க்கை விதிகளைக் கடைசிப் பக்கம் வரை படித்துத் தொலைத்தேன். அங்கே நேராகச் சேர நம் பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் போதாதாம். முதலில் இங்கே ஒரு வருஷம் கல்லூரியில் படித்துத் தேற வேண்டுமாம். முதுகுக்குப் பின்னால் நின்று அப்பாவும் படித்துவிட்டார். "பாத்தியா, ஜெர்மன்காரன் தொழில் தெரிஞ்சவன்! பச்சக்காய எவன் ஏலத்துல எடுப்பான்? ஒரு வருசம் உலர்த்துற ஸ்டோர்லயே காயட்டும்ங்கிறான்" என்று இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். எனவே ஆடி கழியும்வரை காத்திருக்க வேண்டாம் மாமா, திங்கட்கிழமை எட்டரைக்கு ஜீப்பைக் கொண்டுவந்தால் போடிக் கல்லூரி வாசலில் இறக்கிவிடலாம். ஊறுகாயில் ஒரு பாட்டில் காலி. ஸ்வெட்டர் மட்டும் கட்டாயம் வேண்டும்.