உப்பை மாற்றிய பேய்

ஒரு வாய் டீ குடித்த வாட்ச்காரர் அதை அப்படியே வாஷ்பேசினில் துப்பினார். சர்க்கரை டப்பாவில் உப்பு இருந்தது.

"ரப்பர் பேண்ட் போட்ட டப்பா சர்க்கரைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! யாரு மாத்தினது?"

"நான் தொடக்கூட இல்லீங்க," என்றாள் மனைவி.

தலைமயிர் கனமே உள்ள கடிகாரச் சுருள்களைச் சரிசெய்த மனிதர் அவர். போன வருடம் இரண்டு கண்ணிலும் பார்வை போனது. கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார். எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தால் மீதியைக் கை பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி.

ஆனால் கொஞ்ச நாளாக எதுவும் அங்கே இல்லை. பற்பசை இருந்த இடத்தில் மூட்டுவலிக் களிம்பு. வாய் அரை நாள் எரிந்தது. சீப்பு ஃப்ரிட்ஜுக்குள் ஜில்லென்று கிடைத்தது.

இதையெல்லாம் மறதி என்று தள்ளிவிடலாம். அந்தச் சத்தத்தை என்ன செய்வது? மதிய வேளையில் நடையில் யாரோ சுவரை உரசிக்கொண்டே போவார்கள். விரல்கள் சர்ரென்று இழுபடும். "யாரது?" என்றால் நின்றுவிடும். மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காது.

மனைவியிடம் சொன்னார்.

"நடையில ஒரு ஈ காக்கா இல்ல. எனக்குத் தெரியாதா? உங்களுக்கும் சேர்த்து நான்தானே பாக்கறேன்!"

வாட்ச்காரர் அலமாரிக் கதவில் மணி கட்டினார். மறுநாளே மணி கிணுகிணுத்தது. பின்னாலேயே கண்ணாடி டம்ளர்கள் மொத்தமும் விழுந்து நொறுங்கின.

"நீ அங்கதானே இருந்தே? ஆளைப் பாத்தியா?"

"சத்தியமா ஒண்ணையும் பாக்கலீங்க." அவள் குரல் நடுங்கியது.

பிடித்தே தீருவது என்று நாற்காலி, ஸ்டூல், சட்டை மாட்டும் ஸ்டாண்டு எல்லாவற்றையும் நடையின் குறுக்கே போட்டு வைத்தார். பேய்க்கு வைத்த பொறியில் பெண்டாட்டி விழுந்தாள். முழங்கால் வீங்கிவிட்டது.

"அது என்னைத் தள்ளிடுச்சுங்க!"

போட்டதையெல்லாம் அவரே கூடத்துக்கு இழுத்து ஓரம் கட்டினார்.

அடுத்த நாள் காலை வீடெல்லாம் கேஸ் நாற்றம். அடுப்பின் குமிழ் திறந்து கிடந்தது, தீ இல்லை. தடவிப் போய் மூடினார். ஜன்னல், வாசல் கதவு எல்லாவற்றையும் திறந்துவிட்டார். உப்பை மாற்றும் பேயோடு குடித்தனம் நடத்தலாம். உயிரை எடுக்கும் பேயோடு?

"வீட்டைக் காலி பண்றோம்."

மனைவி பொலபொலவென்று அழுதாள். "புது வீட்டுல நான் எப்படி..." என்று ஆரம்பித்தவள், சட்டென்று நிறுத்தி, "நீங்க எப்படித் தடவித் தெரிஞ்சுக்குவீங்க?" என்று முடித்தாள். உடனே வீறிட்டாள்.

"அய்யோ! அதோ நிக்குது! டிவி பக்கத்துல! உசரமா, கறுப்பா... நம்மளையே பாக்குது!"

வாட்ச்காரர் டிவி இருந்த பக்கம் திரும்பினார்.

"சார்," என்றது வாசலில் ஒரு பெண் குரல். "பார்வையற்றோர் மையத்துலேருந்து வர்றேன். உங்களுக்கு வெளியில நடக்கப் பழக்க..."

"உள்ள வராதீங்கம்மா!" என்று கத்தினார் அவர். செத்தாலும் சரி என்று டிவி பக்கம் பாய்ந்து அதைக் கட்டிப்பிடித்தார். பிடியில் அகப்பட்டது அவருடைய மழைக்கோட்டு. உள்ளே, நேற்று அவரே ஓரம் கட்டிய ஸ்டாண்டு.

விளக்குப் போடாமலே ஊசியில் நூல் கோக்கலாம், அவ்வளவு வெயில் கூடத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

வந்தவள் மெதுவாகச் சொன்னாள்:

"ஒரு வெள்ளைக்கோல்தான் எடுத்துட்டு வந்தேன் சார். அம்மாவுக்கும் ஒண்ணு வேணும்னு நீங்க சொல்லவே இல்லையே."