வித்துராவுக்கு மட்டும் வரும் சூறாவளி

என் அப்பா வானிலை ஆராய்ச்சியாளர் ஆனது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். அதுவரை அவர் கரமனையில் குடியிருக்கும் சாதாரண சேஷன்தான். மழை பெய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்க்கிறவர்.

காரணம் கடலில் இல்லை. அம்மாவின் ஃபோனில் இருந்தது. அவள் தம்பி வெங்கிடேஷ் மாமா மலையோரத்து வித்துராவில் புது வீடு கட்டி முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். மாமா நல்லவர். ஆனால் மொட்டைமாடிக்கு சோலார் பேனல் வாங்கத் தீர்மானித்த நாளிலிருந்து வேறெதுவும் பேசுவதில்லை. போன தீபாவளிக்கு அப்பா வாயில் லேகியத்தைப் போட்டதும், இன்வெர்ட்டர் எப்படி வேலை செய்கிறது என்று ஆரம்பித்தார். லேகியம் அன்றைக்கே ஜீரணமாகிவிட்டது. இன்வெர்ட்டர் இன்னும் ஆகவில்லை.

அப்பாவின் அதிர்ஷ்டம், இலங்கைப் பக்கம் நிஜமாகவே ஒரு காற்றழுத்தத் தாழ்வு நகர்ந்து வந்துகொண்டிருந்தது. இடியோடு மழை, மஞ்சள் அலர்ட் என்றது டிவி. அப்பாவுக்கு மஞ்சள் போதவில்லை. என் ஸ்கெட்ச் பேனாக்களை வாங்கிப் படம் வரைந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். கன்னியாகுமரிக்குக் கீழே ஒரு சுருள். அதிலிருந்து புறப்பட்ட அம்பு கரமனையைத் தொடாமல் வளைந்து, நெடுமங்காடு தாண்டி, வித்துராவில் போய் ஆரஞ்சு நிறத்தில் குத்தி நின்றது.

"இதுக்குப் பேர் மின்னல் சுழலி. குட்டிச் சூறாவளி, கேட்டயா விஜயம். திடீர்னு சுத்திண்டு வரும். ரப்பர் மரமெல்லாம் வேரோட போயிடும். ஞாயித்துக்கிழமை மத்தியானம்."

அம்மா கரண்டியும் கையுமாக அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கரமனைல?"

"தூறல்."

"பழவங்காடில?"

"லேசா மேகமூட்டம்."

"என் தம்பி ஆத்து வாசல்ல மட்டும் சூறாவளி. காத்துக்கு டோர் நம்பர் யார் குடுத்தா?"

"இது சயன்ஸ், விஜயம்."

அதற்கப்புறம் அம்மா வானத்தைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஃபோனை எடுத்தால் பார்த்தாள், வைத்தால் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் இருக்கிறதா என்று என்னிடம் ஜாடையாக விசாரித்தாள். இல்லை என்றதும் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

வெள்ளிக்கிழமை அப்பா என்னைக் கூப்பிட்டார். எனக்கு எல்லார் குரலும் வரும். எங்கள் பிரின்சிபால், பஸ் கண்டக்டர், அடுத்த வீட்டு நாய் உள்பட. அப்பா கேட்டது ரேடியோவில் மலையாளச் செய்தி வாசிக்கிறவர் குரல். கூலி, அம்மாவுக்குத் தெரியாமல் இரண்டு முட்டை பஃப்ஸ். முன்னறை ரேடியோவுக்குப் பின்னால் உட்கார்ந்து மூக்கால் ஆரம்பித்தேன்.

"மலையோர மேகலகளில் சக்தமாய காற்றினு சாத்யத. வித்துரா நிவாசிகள் ஜாக்ரத பாலிக்கணம்."

மலைப்பக்கம் பலத்த காற்று வரலாம், வித்துராக்காரர்கள் ஜாக்கிரதை என்று அர்த்தம். உற்சாகம் தாங்காமல் ரப்பர் விலை நிலவரத்தையும் சேர்த்துக்கொண்டேன். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் நிதானமாக வந்தது.

"கேசவ், அந்த ரேடியோவோட பேட்டரி டிவி ரிமோட்டுல இருக்கு."

செய்திகள் அத்துடன் முடிவடைந்தன.

அம்மா திட்டவில்லை. அதுதான் அப்பாவைக் கலக்கியது. சுழலி வரும் என்றே வைத்துக்கொள்வோம் என்றாள். ஆனால் இது கார்த்திகையின் கடைசி முகூர்த்தம், விட்டால் மார்கழி, அப்புறம் தை பிறந்துதான் பால் காய்ச்ச முடியும். அதனால் சனிக்கிழமை போவோம், ஞாயிறு விடியற்காலை பால் காய்ச்சியதும் சுழலிக்கு முன்னால் காரில் கிளம்பிவிடுவோம் என்றாள். அப்பா கணக்குப் போட்டார். காலையில் மாமா வாத்தியாரோடு ஹோமத்தில் இருப்பார். பேனலுக்கு நேரமே கிடைக்காது. சம்மதித்துவிட்டு என்னிடம் வந்து கிசுகிசுத்தார்.

"இவ்வளவு சுலபமா ஒத்துண்டுட்டாளேடா. எனக்கே சந்தேகமா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை பால் பொங்கியது. வானம் துடைத்து வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது. அம்மா கூடத்தின் நடுவில் நின்று, இவர் கணக்குப்படி மத்தியானம் சூறாவளி வருகிறது, தம்பி பெண்டாட்டி ஸ்மிதாவும் இரட்டைக் குழந்தைகளும் எங்களோடு கரமனைக்கு வந்துவிடட்டும் என்று அறிவித்தாள். மாமியின் பைகள் எப்போதோ கட்டித் தயாராக இருந்தன. தன் வார்த்தைக்கு இத்தனை மதிப்பா என்று பூரித்துப்போய், அப்பா காரின் முன்கதவைத் திறந்தார். அம்மா அதைச் சாத்தினாள்.

"நீங்க எங்க கிளம்பியாச்சு?"

"ஆத்துக்கு."

"பால் காய்ச்சின ஆத்துல மூணு ராத்திரி விளக்கு அணையப்படாது. அது எங்காத்து வழக்கம். தம்பி ஒத்தனா சுழலியோட மல்லாடுவானா? விஷயம் தெரிஞ்சவா துணைக்கு வேண்டாமா?"

"நாளைக்கு ஆபீஸ் இருக்கே."

"கேசவ் உங்க குரல்ல மூணு நாள் லீவு சொல்லிட்டான். உடம்பைப் பாத்துக்கோங்கோ சேஷன்னு மேனேஜர் சொன்னாராம்."

நான் காரின் மிதியடியை ஆராய்ந்தேன். அம்மாவின் கூலி நான்கு பஃப்ஸ்.

அப்பா அண்ணாந்து பார்த்தார். ஒரு மேகம்கூட உதவிக்கு வரவில்லை.

"அப்படி ஒண்ணும் பெரிசா வராதுன்னு தோண்றது, விஜயம்."

"அப்போ ஃபிரிட்ஜ்ல ஒட்டினது?"

வாத்தியார் திரும்பினார். மாமியின் பிறந்தகத்து மனிதர்கள் மொத்தமும் திரும்பினார்கள். வராது என்றால் பொய் சொன்னவர். வரும் என்றால் இருந்தாக வேண்டும். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வரும். கண்டிப்பா வரும்."

அம்மா ஓட்டிய கார் கல்லாற்றுப் பக்கத்துக் குளிர்காற்றை விட்டு இறங்கி நெடுமங்காட்டை நெருங்கும்போது, நிஜமாகவே மூன்று ராத்திரி வழக்கம் உண்டா என்று அம்மாவைக் கேட்டேன்.

"இனிமே உண்டு," என்றாள்.

அன்று சாயங்காலமே அந்தத் தாழ்வு கடலிலேயே வலுவிழந்து கலைந்துவிட்டதாக டிவி சொன்னது. மறுநாள் காலை நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது அப்பாவின் ஃபோன். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். குரல் பரணுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி ரகசியமாக இருந்தது.

"விஜயம், ஆபத்து நீங்கியாச்சு. வானம் பளிச்சுனு இருக்கு. வெயில் சுள்ளுனு அடிக்கறது. அடுத்த பஸ்ஸுல வந்துடட்டுமா?"

அம்மா பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது.

"அத்திம்பேரே, ஒண்ணாந்தரம் வெயில்! ஏணியைப் போட்டாச்சு, ஏறுங்கோ. முதல் பேனல்லேர்ந்து ஆரம்பிப்போம்."